வேறு வீடாக இருக்கும்

வருமானச் சான்றுக்கு விசாரிக்க ஆதிகேசவன் வந்தபோது, என் மகள் கலைவாணியைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விஏஓ அலுவலகத்து உதவியாளர் அவர். வாசலில் நின்றபடியே, தெருவுக்கே கேட்கும் குரலில், "காசிநாதன் வீடு இதானேம்மா? காப்பீட்டு கார்டுக்கு எழுதிக் குடுத்துக்கிறீங்களே, வருசத்துக்கு என்னா வருது?" என்றார்.

காசிநாதன் என் கணவர். இதயத்தில் இரண்டு அடைப்பு. கார்டு இருந்தால் அறுவை சிகிச்சை இலவசம். கார்டு வாங்க அந்தச் சான்று வேண்டும். மனுவை எழுதியது நான்தான். எனக்குப் பின்னால், மாப்பிள்ளையின் அம்மா கமலாட்சியின் ஸ்பூன் சத்தம் நின்றது. இல்லாத வீடு என்று எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்தேன்.

"நாங்க எழுதிக் குடுக்கலியேப்பா. வேற வீடா இருக்கும். எங்களுக்கு மூணு தறி ஓடுது."

ஓடியது ஒன்று. அதுவும் கூலிக்கு.

ஆதிகேசவன் காகிதத்தையும் கதவு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "இதே நம்பர்தாம்மா..." என்று இழுத்தார். வந்தவர்களோடு உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்து வந்தார். நாலு எட்டுக்கே மூச்சு வாங்கியது. "அது வேற காசிநாதன்பா. பின்னாடி தெருவுல போய்ப் பாரு" என்று சிரித்தார்.

மனு தள்ளுபடியானது. மறுபடி எழுதலாமா என்று கணவரிடம் கேட்டேன். "கல்யாணம் முடியட்டும். திரும்ப அந்தாளு வந்து நின்னா என்னான்னு சொல்லுவ?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய அந்தப் பதில் அன்றைக்கு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கலைவாணிக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பதாம் நாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று நாள்தான் இருந்தார். முதல் நாள் பார்க்க வந்த கமலாட்சி, உட்காரும் முன்பே, "கார்டு எடுத்தாந்தீங்களா சம்பந்தி?" என்று கேட்டார். நான் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"மூணு தறி இருக்குதுன்னு வாங்காம வுட்டுட்டீங்களா? நல்லாக் கீதும்மா உங்க கௌரவம்! எங்க வூட்டுக்காரருக்கு அதுலதான் ஸ்டென்ட் வெச்சாங்க. நம்ம சனத்துல யாருகிட்ட இல்ல சொல்லுங்க?" பையைத் துழாவிக் கார்டை எடுத்துக் காட்டினார்.

என் கணவர் கை நீட்டி அதை வாங்கினார். குடும்பமாக எடுத்த படம் அதில் இருந்தது. வெகு நேரம் பார்த்தார்.

"மாப்ள மீசை இல்லாம நல்லாத்தான் கீறாரு."

கமலாட்சி சிரித்துவிட்டார். என் கணவர் கார்டை என் பக்கம் நீட்டினார்.

"நீயும் பாரேன்."

நான் வாங்கவில்லை. டிரிப்ஸ் குழாய் இழுபட, அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது.