பக்கத்து வீட்டுக்காரரின் நெஞ்சு

வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் உடம்பைக் காட்டிவிட்டு வருவது இலவசம். காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிடும். ஆனால் வலி என்று ஒரு வார்த்தை சொன்னால் அது சிகிச்சையாகிவிடும். நாற்பது டாலரை நம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் டுலூத் நகரில் இது எல்லோருக்கும் தெரியும்.

"உள்ள போய் வாயத் திறக்காத" என்று மார்லிஸ் காரிலேயே கணவன் வெண்டலிடம் சொல்லியிருந்தாள்.

"நாக்க நீட்டச் சொன்னா?"

"அதுக்கு மட்டும் திற."

டாக்டர் ஹாகன் அவனது ரத்த அழுத்தத்தை இரண்டு முறை பார்த்தார்.

"ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"இந்த வருஷம் பனி ஜாஸ்தி. வாசல்ல நீங்கதான் அள்றீங்களா?"

"ஆமா." வெண்டல் கொஞ்சம் யோசித்தான். "பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர். பனி அள்ளும்போது நெஞ்ச அழுத்துதாம். பாதியில உக்காந்துடறார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இடது கையும் வலிக்குதாமா?"

"சில நேரம்" என்று வெண்டல் தன் இடது தோளைத் தடவிக்கொண்டான்.

"அவர இன்னைக்கே வரச் சொல்லுங்க."

"நாற்பது டாலர்னா வரமாட்டார். பெரிய கஞ்சன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மார்லிஸ் கைப்பையைத் திறந்து நாற்பது டாலரை எடுத்தாள்.

"இவர் பேர்லயே எழுதிக்குங்க டாக்டர். எங்க பக்கத்து வீடு ரெண்டு வருஷமா காலியாத்தான் கிடக்கு."

நர்ஸ் வந்து வெண்டலின் மார்பில் ஒயர்களை ஒட்டத் தொடங்கினாள். அவன் மனைவியை முறைத்தான்.

"வர்றப்ப நல்லாத்தான் இருந்தேன். காசு குடுத்து என்னை நோயாளி ஆக்கிட்ட."