கோக்கப்படாத சன்னல்கள்

சன்னல் கோக்கப்பட்டிருந்தாலும் கோக்கப்படாமலிருந்தாலும் சுங்கத் தீர்வைப் பட்டியலில் அதற்கு ஒரே எண்தான்: நாற்பத்து நான்கு பதினெட்டு. கட்டடத்துக்கான மரவேலைப் பொருள்கள் என்னும் அந்தத் தலைப்பின் கீழ், முழுச் சட்டமாக வந்தாலும் அடையாளம் காணத்தக்க துண்டுகளாகப் பிரிந்து வந்தாலும், சன்னல் சன்னலே. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செனாவாங் நகரில் சுங்க முகவராக இருக்கும் துஷ்யந்தி இந்த விதியை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள். விளக்கும்போதெல்லாம் அவளுக்குள் சிறு மகிழ்ச்சி ஒன்று எழும். பிரிந்து கிடப்பதையும் முழுமையாகவே பார்க்கும் விதி அது.

இப்போது அந்த மகிழ்ச்சி எழுவதில்லை.

பதினொரு மாதங்களுக்கு முன், ரெம்பாவுக்கு அப்பால் உள்ள எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், பழைய துரை பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றும் வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்து மெர்பாவ் மரச் சன்னல்கள் எட்டுப் பெட்டிகளில் வந்தன. விலைப்பட்டியலில் ‘சன்னல் பாகங்கள், கோக்கப்படாதவை’ என்றிருந்தது. கப்பல் புறப்பட்ட மறுநாள், செய்தவர் துஷ்யந்திக்கு ஒரு நிழற்படம் அனுப்பினார். வாங்குபவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று சன்னல்களைத் தாமே கோத்துவிட்டாராம். பெட்டிக்கு ஒன்றாக எட்டு முழுச் சட்டங்கள் நெடுக நிமிர்ந்து நின்றன.

அவள் படத்தைப் பார்த்தாள். எண் மாறுகிறதா என்று பார்த்தாள். மாறவில்லை, தீர்வையும் மாறவில்லை. சுங்க அறிவிப்புப் படிவமான கே-ஒன் பாரத்தில் ‘கோக்கப்படாதவை’ என்ற சொல் இருந்தபடியே இருந்தது. ஒரு காற்புள்ளி இடம் தவறினாலும் பாரத்தை மறுபடி எழுதுகிறவள், பொய்யாகிப்போன ஒரு சொல்லை அப்படியே விட்டுவைத்தாள். சுங்கச் சட்டத்துக்கு அது ஒரு பொருட்டில்லை.

முனியாண்டிக்கு அது பொருட்டாயிற்று. பாரத்தின் விவரம் எழுத்து மாறாமல் ஒப்படைப்புச் சீட்டுக்குப் போனது. லாரி ஓட்டுநர் தர்மராஜ் பங்களா முற்றத்தில் அதை உரக்கப் படித்தான். சரக்கு இறக்கும் முனியாண்டி, கேட்டபடி ஒவ்வொரு பெட்டியிலும் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடுகள் போட்டார். வாசிக்கத் தெரியாத அவர் பல ஆண்டுகளாக வைத்திருந்த முறை அது. இரண்டு கோடு என்றால் இரண்டு ஆள் கையாலேயே இறக்கலாம். கோடுகளைச் சுற்றி வட்டம் என்றால் இயந்திரம் வரும்வரை எவரும் தொடக்கூடாது. முதல் பெட்டியின் குறுக்குப் பலகையை அவர் பெயர்த்தபோது, துண்டுகள் அடுக்கிக் கிடக்கவேண்டிய இடத்தில் இருநூற்றைம்பது கிலோ சட்டம் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாங்கியிருந்தது அந்தப் பலகைதான்.

பங்களா வேலையின் ஒப்பந்தக்காரன் சஞ்சீவ் விசாரணைக்குக் கொடுத்த அறிக்கையில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ‘சரக்கு கோத்து வந்தது எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. பிரிக்குமுன் பெட்டியைச் சோதிக்க வேண்டும் என்ற அறிவுறுத்தலைத் தொழிலாளி மதிக்கவில்லை.’ வரும் வெள்ளிக்கிழமை விசாரணை முடிகிறது. அதன்பின் முனியாண்டி சொல் கேளாமல் செத்தவராகவே கோப்பில் இருப்பார். நிழற்படம் துஷ்யந்தியின் கைப்பேசியில் இருந்தது.

உயிரோடு இருந்தபோது அவர் ஒருமுறை அவள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார், சஞ்சீவுக்காகக் காகிதங்கள் வாங்கிப்போக. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நின்றபடியே மைலோ பானம் குடித்துவிட்டு, “மேடம், இந்தப் பேப்பர்ல எழுதுறதெல்லாம் சாமானப் பாத்துட்டுத்தான் எழுதுவீங்களா?” என்று கேட்டார்.

“பார்க்கவேண்டியதைப் பார்ப்பேன்” என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். அந்த விடை அவருக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் கோடுகள் அவர் இறந்த நாற்பதாம் நாள் தென்பட்டன. அந்தச் சரக்கின் கோப்பை அலமாரியிலிருந்து எடுத்தபோது, பின்னட்டையில் வெள்ளையாக இரண்டு கோடுகள். அலுவலகத்தில் சுண்ணக்கட்டி இல்லை. துடைத்தாள், போயின. ஐப்பசி மழையில் மம்பாவிலுள்ள அவள் வீட்டின் சமையலறைச் சன்னலில், கண்ணாடியின் உட்புறம், மறுபடியும் இரண்டு. அவள் தனியாக வாழ்கிறவள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்ததில்லை. பிறகு காரின் பின்கண்ணாடியில். ஒவ்வொரு முறையும் அவள் காரணங்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக விலக்கினாள். எந்தத் தலைப்பிலும் அவை அடங்கவில்லை. விசாரணைப் படங்களில் கண்ட ஒரு நுட்பத்தை மட்டும் அவளால் விலக்க முடியவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் கத்தி பட்டு விறைத்துப்போன விரலால் முனியாண்டி போட்ட இரண்டாம் கோடு, கீழே இடப்பக்கமாகச் சற்று வளைந்து முடியும். துஷ்யந்தி கண்டவையும் அப்படியே வளைந்தன.

புதன்கிழமை காலை, மீதிச் சன்னல்கள் ஐந்து பெட்டிகளில் பங்களாவுக்கு வந்தன. இம்முறை செய்தவரிடம் மூன்று முறை கேட்டு, படம் வாங்கிப் பார்த்து, அதன்பிறகே ‘கோக்கப்படாதவை’ என்று எழுதியிருந்தாள். எழுதியும் மனம் கேட்கவில்லை. நேரில் பார்க்கவே வந்திருந்தாள்.

“என்னக்கா, பாரம் எழுதுறவங்கல்லாம் எப்பருந்து சாமான் இறக்க வர்றீங்க?” என்றான் தர்மராஜ். சிரிக்க முயன்றான். “சீல் நம்பர நீங்களே பாத்துக்குங்க. அப்பறம் நான் தொறந்தேன்னு சொல்லக் கூடாது, லா.”

கொள்கலனின் முத்திரை எண்ணை அவள் இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தாள். பொருந்தியது. முத்திரை முறிந்திருக்கவில்லை.

சஞ்சீவ் வராந்தாவிலிருந்து இறங்கி வந்தான். வயதில் இளையவன், அவளைப் போலவே சிரம்பானில் வேரூன்றிய யாழ்ப்பாணத்துக் குடும்பம். “துஷி அக்கா, நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள ஃபேன் இருக்கு.”

“திறக்கட்டும். பார்த்துவிட்டு வருகிறேன்.”

அவள் பார்வை அவனைத் தாண்டிச் சென்றது. முற்றத்தின் ஓரத்தில், நாவல் நிறச் சேலையில், பையை இரு கைகளாலும் மார்போடு பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள்.

“முனியாண்டி அண்ணன் சம்சாரம்” என்றான் தர்மராஜ் தணிந்த குரலில். “பஞ்சாலை அக்கா. நான்தான் சொன்னேன், அதே சன்னலு மறுபடி வருதுன்னு. பாக்கணும்னாங்க.”

“உனக்கு வேற வேலையே இல்லையாடா?” என்றான் சஞ்சீவ்.

“இருக்கு பாஸ். பதினொரு மாசமா தூங்கப் பாக்குற வேலை.”

கதவுகள் திறந்தன. உள்ளே மரவாசம் அடைபட்டுக் கிடந்தது. வெளிச்சம் ஐந்து பெட்டிகளின் முகப்பில் விழுந்தது. ஒவ்வொன்றிலும் வெள்ளையாக, நேற்றுப் போட்டதுபோல், இரண்டு கோடுகள் இருந்தன. இரண்டாம் கோட்டின் அடி இடப்பக்கம் வளைந்திருந்தது.

செம்பனை மட்டைகள் உரசும் ஓசை மட்டும் தோட்டத்துக்குள்ளிருந்து வந்தது. இறக்க வந்திருந்த இரண்டு வங்காளதேசத்து ஆள்கள் மற்றவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள்.

“அங்க பேக்டரில யாராச்சும் போட்டிருப்பான்” என்றான் சஞ்சீவ். குரலில் உறுதியில்லை.

“போட்டிருப்பான், லா” என்றான் தர்மராஜ். “அவனுக்கும் வெரலு வெறச்சிருக்கும்.”

பஞ்சாலை கொள்கலன் வாசலுக்கு வந்தாள். பையைக் கீழே வைத்தாள். விரலால் கோட்டைத் தொடவில்லை. தொடுவதற்கு ஒரு சாண் முன்னாலேயே கை நின்றுவிட்டது.

“அவரு கோடுதான்” என்றாள். அழவில்லை. சந்தையில் சாமானை அடையாளம் காட்டுகிற தொனியில் சொன்னாள். பிறகு தர்மராஜிடம் திரும்பி, “அவரு மனசுல தோணினதப் போட மாட்டாருடா. பேப்பர்ல என்னன்னு சொல்றாங்களோ அதத்தான் போடுவாரு. அன்னிக்கு என்னன்னு சொன்னே?”

“துண்டு துண்டாத்தான் வருதுன்னு படிச்சேன்க்கா. அதான் எழுதியிருந்துச்சு.”

“யாரு எழுதுனது?”

சஞ்சீவ் முந்திக்கொண்டான். “அக்கா, அது எங்களுக்கே தெரியாம கடைசி நேரத்துல மாறிடுச்சு. விசாரணையில சொல்லியாச்சு. யாருக்கும் தெரியாது.”

“தெரியாமப் போனது எம்புருசனுக்கு மட்டுந்தான்னு எழுதியிருக்கீங்களே தம்பி. சோதிக்காம தொறந்தாராம். சொன்னாக் கேக்க மாட்டாராம். முப்பது வருசம் ரெண்டு கோடும் வட்டமும் போட்டு எறக்குன மனுசன். என் பேத்தி ஸ்கூல்ல கேக்குறாங்க, உங்க தாத்தா சொல்பேச்சு கேக்காமயா செத்தாருன்னு.”

துஷ்யந்திக்கு, எப்போதும்போல, சரியான விடை ஒன்று தயாராக இருந்தது: பாரத்தில் பிழை இல்லை, எண் சரி, தலைப்புச் சரி, எந்த அதிகாரியும் குறை சொல்லமுடியாது. பதினொரு மாதங்களாக அவள் தனக்குத்தானே சொல்லிவந்த விடை அது. அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அருகிலிருந்த பெட்டியில் வளைந்து முடிந்த கோட்டைக் கண்டாள்.

“நான்தான் எழுதினேன்” என்றாள். “மாறினது எனக்குத் தெரியும். கப்பல் வருவதற்கு முன்பே தெரியும்.”

கைப்பேசியை எடுத்துப் படத்தைத் தேடினாள். பதினொரு மாதங்களில் அவள் அதை ஒருமுறையும் திறக்கவில்லை. ஆயினும் அது எந்த நாளுக்குக் கீழே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பஞ்சாலையின் முன் நீட்டினாள். எட்டுச் சட்டங்களும் நிமிர்ந்து நின்றன.

பஞ்சாலை நெடுநேரம் பார்த்தாள். “இதுல எது?” என்று கேட்டாள்.

“இடப்பக்கம் முதலாவது.”

“அக்கா!” சஞ்சீவ் அவளைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போக முயன்றான். “இத இப்ப எதுக்கு? அந்தச் சொல்லால ஒண்ணும் மாறாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க? கோத்தாலும் கோக்காட்டியும் ஒரே நம்பர்தானே?”

“எண் மாறாது.”

“பின்ன?”

“அந்தச் சொல்லைச் சுங்கத்துறை மட்டும் படிக்கவில்லை, சஞ்சீவ். தர்மராஜும் படித்தான். அதைக் கேட்டு ஒருவர் பெட்டி திறந்தார். ‘எவருக்கும் தெரியாது’ என்ற உன் வாக்கியம் பொய். உனக்குத் தெரியாமல் பொய். எனக்குத் தெரிந்து பொய்.”

“லைசென்ஸ் போயிரும் உங்களுக்கு.”

“போகலாம்.”

அவள் அங்கேயே, லாரியின் நிழலில் நின்று, விசாரணை அதிகாரிக்கு எழுதினாள். எட்டு வாக்கியங்கள். படத்தையும் அது வந்த மின்னஞ்சலையும் இணைத்தாள். ‘தொழிலாளி தமக்குப் படித்துக் காட்டப்பட்ட விவரத்தின்படியே நடந்தார். அந்த விவரம் பிழையானது என்பதை அதை எழுதிய நான் அறிந்திருந்தேன்.’ வழக்கத்துக்கு மாறாக அதை மறுபடி படித்துப் பார்க்காமலே அனுப்பினாள். தோட்டத்தில் கைப்பேசிச் சமிக்ஞை குறைவு. அனுப்பும் அம்புக்குறி சுழன்றுகொண்டே இருந்து, கடைசியில் போய்விட்டது.

எழுதியதைப் பஞ்சாலைக்குப் படித்துக் காட்டினாள். பஞ்சாலை பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“அவரு மேல விழுந்தது எங்க இருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

விசாரணைக்காக நிறுத்திவைத்த சட்டம் பங்களாவின் பின்கூடத்தில், சுவரோடு சங்கிலியால் கட்டப்பட்டு, உடைந்த பெட்டிப் பலகையோடு இருந்தது. அளவெடுத்துப் படம் பிடித்தாயிற்று, இனி எடுத்துவிடலாம் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தும், அதன் பக்கம் போக வேலையாள்கள் மறுத்திருந்தார்கள். கண்ணாடி ஏறாத அந்தச் சன்னலின் வழியே வெறுஞ்சுவர் தெரிந்தது. பலகையில் அன்றைய இரண்டு கோடுகள் அழியாமல் இருந்தன.

பஞ்சாலை பையைத் திறந்து, பழைய மாத்திரை டப்பா ஒன்றை எடுத்தாள். அதற்குள் சுண்ணக்கட்டித் துண்டுகள் இருந்தன. “அவரு சட்டைப்பையில இருந்தது” என்றாள். “ஆஸ்பத்திரில குடுத்தாங்க.” ஒரு துண்டை எடுத்துத் துஷ்யந்தியிடம் நீட்டினாள். “தப்பா எழுதுனா மறுபடி எழுதுவீங்களாமே. இத எழுதுங்க.”

துஷ்யந்தி குனிந்து இரண்டு கோடுகளையும் சுற்றி வட்டம் போட்டாள். முடியும் இடத்துக்கு அரை அங்குலம் முன்னால் சுண்ணக்கட்டி முறிந்து விழுந்தது. அவள் நிமிரப் பார்த்தாள்.

“மூடும்மா” என்றாள் பஞ்சாலை பின்னாலிருந்து. “மூடாட்டி தொடலாம்னு நெனச்சுக்குவாங்க.”

அவள் முறிந்த துண்டைத் தரையிலிருந்து பொறுக்கி, வட்டத்தை மூடினாள்.

முற்றத்தில் தர்மராஜ் முதல் பெட்டியின் பலகையைப் பெயர்க்கும் ஒலி கேட்டது. இருவரும் அந்தப் பக்கம் காது கொடுத்து நின்றார்கள். எதுவும் விழவில்லை. “துண்டு துண்டாத்தான் இருக்குக்கா!” என்று அவன் கத்தினான். “ரெண்டு ஆளு போதும்!”

பஞ்சாலை டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். “அதான் போட்டிருந்தாரே” என்றாள்.

மாலையில் துஷ்யந்தி காருக்குத் திரும்பினாள். பின்கண்ணாடியில் இரண்டு கோடுகள் அப்படியே இருந்தன. அவள் அவற்றைத் துடைக்கவில்லை. ரெம்பாவ் தாண்டும்வரை, பின்னோக்கும் கண்ணாடியைப் பார்க்கவேண்டிய இடங்களிலெல்லாம் பார்த்தே ஓட்டினாள்.