பாலத்துக்கும் படகுக்கும் இடையே இரண்டு விரல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வில்மோரன் பாலத்தின் கல் வளைவுக்கு அடியில், கை எட்டாத உயரத்தில், ஒரு முழ நீளத்துக்குப் பச்சைத் தீற்றல் ஒன்று இருக்கிறது. நாயைக் கூட்டிக்கொண்டு கரைப்பாதையில் நடக்கும்போது தினமும் அதன் கீழேதான் போகிறேன். பர்கண்டிக் கால்வாயில் எங்கள் பக்கம் ஓடும் விடுதிப் படகுகளில் பச்சை வண்ணம் பூசியது ஒன்றுதான்: 'ஓர்த்தான்ஸ்'. அதன் கேப்டன் சொலான்ஜ் பெர்தோவிடம் ஒருநாள் தீற்றலைக் காட்டினேன்.

"அது பாசி" என்றார்.

பாசி இப்படி நேர்கோட்டில் வளருமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். மாவட்ட வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிப் பிழைப்பவன் நான். செய்தியாக எழுதினால் தீற்றல் என்னவென்று நான் சொல்லியாக வேண்டும். கதையில் அந்தக் கட்டாயம் இல்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். இரண்டை அடித்துவிட்டேன். அவை கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும்.

"மழை ஓய்ந்த காலையில் கால்வாயின் மேல் மெல்லிய பனி படர்ந்திருக்க, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு படகு" [போதும். சொலான்ஜின் விளம்பரத் தாளில் இதே வரி இருக்கிறது. அங்கே நன்றாகவும் இருக்கிறது.]

"சொலான்ஜ் பெர்தோ கர்வம் பிடித்தவர்." [உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் அந்தக் கர்வம் கடைசியில் அடங்கும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். அடங்காது. அடங்க வேண்டும் என்று எனக்கும் ஆசையில்லை.]

"அன்று ஓர்த்தான்ஸ் தன் அளவுக்கு மேல் மிதந்தது."

இதை வைத்துக்கொள்கிறேன். கதை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

ஓர்த்தான்ஸ் ஒரு காலத்தில் கோதுமை ஏற்றிய படகு. மூட்டைகளின் கனத்தில் அப்போது நீருக்குள் நன்றாக அமிழ்ந்து போகும். இப்போது மூட்டைகள் இருந்த இடத்தில் கட்டில்களும் குளியலறைகளும். ஒரு வாரத்துக்கு எட்டு விருந்தினர். ஆள் நடக்கும் வேகத்தில் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுவது அவர்களுடைய விடுமுறை. இவ்வளவு லேசான சுமையில் படகு உயரமாக மிதக்கும். அதைக் கொஞ்சமாவது கீழே பிடித்து வைப்பது அடித்தளத்தில் உள்ள தண்ணீர்த் தொட்டி. விருந்தினர் குளிக்கக் குளிக்கத் தொட்டி காலியாகும், படகு மேலே எழும்பும். அதனால் தாழ்ந்த பாலத்துக்கு முன்னால் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். இந்தக் கால்வாயில் பிறந்த வாத்துக்குக்கூட இது தெரியும்.*

* மற்றப் படகுகளில் சுக்கான் அறையை மடித்துக் கீழே இறக்கிவிடலாம். சொலான்ஜ் தன்னுடையதை ஓக் மரத்தில், பச்சை வண்ணம் பூசி, கண்ணாடிச் சன்னலோடு, அசையாமல் கட்டிவைத்திருக்கிறார். "பாலத்துக்குப் பாலம் தலை குனிய என் படகு என்ன வேலைக்காரியா?" என்று கேட்டாராம்.

3

அவர் ஏன் தொட்டியை நிரப்பவில்லை என்பதற்கு ஒரே காரணம்தான். பெயர் ரெமி பஸ்கோ.

ரெமியின் படகு 'குர்மாந்த்'. அதன் மேல்தளத்தில் ஆறு பேர் உட்காரக்கூடிய வெந்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. போன பருவத்தில் மதுக்கடையில் நாலு பேர் முன்னால் சொலான்ஜ் சொன்னார்: "அது படகா? மிதக்கிற குளியலறை." மறுநாளே கால்வாய் முழுக்கச் சிரித்தது. ரெமியும் சிரித்தார், ஒரு நிமிடம் தாமதமாக.

வில்மோரனுக்கு முந்தைய துறையில் அன்று மாலை குர்மாந்த் தண்ணீர்க் குழாய்க்கு நேராகக் கட்டியிருந்தது. பிறகு வரும் படகு முன்னால் வந்த படகோடு ஒட்டிக் கட்டிக்கொள்ளலாம். அந்தப் படகின் தளத்தின் மேல் தன் குழாயைப் போட்டுத் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் செய்வதுதான். ஆனால் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். கேட்காமல் இன்னொருவர் தளத்தில் யாரும் கால் வைப்பதில்லை. அது வீட்டுக்குள் நுழைவது மாதிரி.

சொலான்ஜ் துறையின் அடுத்த கோடிக்குப் போய்க் கட்டினார்.

"கேப்டன், தண்ணி புடிக்கலயா?" சமையல்காரர் இவான் கேட்டார்.

"நாளைக்கு."

"நாளைக்குத்தானே பாலம் வருது?"

"பாலம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ உன் வாத்தைக் கவனி."

"வாத்து பத்திரமா இருக்கு. அதுக்குப் பாலத்துக்கு அடியில போற வேலை இல்ல."

அன்று இரவு எட்டு விருந்தினரும் குளித்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த திருமதி ஹார்கின்ஸ் இரண்டு தடவை குளித்தார். பிறகு பெருமழை பிடித்துக்கொண்டது.

4

மழை இரண்டு காரியம் செய்தது. கால்வாயில் நீர்மட்டத்தை உயர்த்தியது. வில்மோரனுக்குக் கீழே ஓர் இடத்தில் கரையை இடித்தது. காலையில், படகுகளுக்கு மதகைத் திறந்துவிடும் மதகுக்காரி கிஸ்லேன் ஸ்கூட்டரில் வந்து கரையில் நின்றபடியே கத்தினார்:

"கேப்டன்! சாயங்காலத்தோட கீழ் வழிய மூடறாங்க. கரைய ரிப்பேர் பண்ணணுமாம். இன்னிக்கே தாண்டிடுங்க. இல்லன்னா இலையுதிர் காலம் வரைக்கும் இங்கேயேதான்."

சொலான்ஜின் கோடை முழுவதும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அடுத்த வார விருந்தினரும், அதற்கடுத்த வாரத்தவரும் கீழ்த் துறையில்தான் ஏறுவார்கள். இங்கே மாட்டிக்கொண்டால் அந்த வருடம் முடிந்தது. இவானுக்கும் அறை பார்க்கும் இரண்டு பெண்களுக்கும் வேலை முடிந்தது.

தண்ணீர்க் குழாயடியில் குர்மாந்த் இன்னும் நின்றது; சொலான்ஜ் கேட்காமலேயே கிளம்பினார். படகின் முன்பக்கம் பாலத்துக்கடியில் சுலபமாகப் போனது. சுக்கான் அறை பின்னால் இருக்கிறது. அது வளைவை நெருங்கியபோது இவான் அதற்கு முன்னால் உள்ள தாழ்ந்த கூரைமேல் குப்புறப் படுத்து, கல்லையும் மரத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! போகாது."

"எவ்வளவு?"

"ரெண்டு விரல் இடிக்கும்."

"யாரோட விரல்?"

"என்னோடதுதான். கொஞ்சம் தடிச்ச விரலுன்னு வெச்சுக்கோங்க."

திருமதி ஹார்கின்ஸ் கைப்பையோடு எழுந்து வந்தார். "நாங்க எல்லாரும் இறங்கிடட்டுமா? பாரம் குறையுமே."

"ஐயோ அம்மா, இறங்காதீங்க!" என்றார் இவான். "முடிஞ்சா இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிடுங்க."

[இந்த இடத்தில் வாசகருக்கு யோசனைகள் தோன்றும். அவர்களுக்கும் தோன்றின. திரும்பிப் போய்த் தண்ணீர் பிடிக்கலாமே? கால்வாயின் அகலத்தைவிடப் படகு நீளம், திருப்ப இடமில்லை; பின்னோக்கிப் போகலாமென்றால் குர்மாந்த் வழியை அடைத்து நிற்கிறது. மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கலாமே? கீழே கரை இடிந்திருக்கும்போது கூடுதலாக ஒரு சொட்டு விட மாட்டேன் என்றார் கிஸ்லேன். கால்வாய்த் தண்ணீரையே இறைத்துக் குடிநீர்த் தொட்டியை நிரப்பலாமே? இதற்கு இவான் சொன்ன பதிலை நான் மாற்றவில்லை: "தவளையத் தட்டுல வெப்பேன் கேப்டன். தொட்டியில விட மாட்டேன்."]

5

அப்போது பன்னிரண்டு மணி அடித்தது. கிஸ்லேன் ஸ்கூட்டரை உதைத்தார்.

"எங்க போறீங்க?" என்றார் சொலான்ஜ்.

"சாப்பிட."

"இப்பவா?"

"பன்னெண்டு ஆச்சே, கேப்டன்."

இதை வெளியூர்க்காரர்கள் குறையாகச் சொல்வார்கள். பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை இந்தக் கால்வாயில் எந்த மதகும் திறக்காது, எந்தப் படகும் நகராது. நான் இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். அன்று சொலான்ஜைக் காப்பாற்றியது அந்த ஒரு மணி நேரம். ரொட்டிக்கடை வரிசையில் நின்றபடி கிஸ்லேன் விஷயத்தைச் சொன்னார். ரொட்டியோடு செய்தியும் ஒவ்வொரு வீட்டு மேசைக்கும் போனது. சாப்பிட்டு முடித்த ஊர், எழுந்து பாலத்துக்கு வந்தது.

சொலான்ஜ் யாரையும் கேட்கவில்லை. இந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர் சொலான்ஜ்தான். என் வரைவைப் படித்துவிட்டுச் சொன்னார்: "நான் கேக்கல. அவங்களா வந்தாங்க. அத எழுதுங்க." எழுதிவிட்டேன்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் கரையில் நின்று, "மேல வரலாமா, கேப்டன்?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவர், "வாங்க" என்றார். ரொட்டிக்கடைக்காரர் மாவு ஒட்டிய உடையோடு வந்தார். தபால்காரப் பெண் பையோடு வந்தார். பையைக் கீழே வைக்கப் போனவரை நாலு பேர் தடுத்தார்கள். ஓய்வுபெற்ற பல் மருத்துவர், "போன வருஷம்தான் டாக்டர் பேச்சைக் கேட்டு இளைச்சேன். மன்னிச்சுக்கோங்க" என்றார்.

"பாலாடைக்கட்டி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் இவான்.

"பாதியில எழுந்து வந்தேன்."

"பாதியிலயா! போய் முடிச்சிட்டு வாங்க. இங்க ஒவ்வொரு கிராமும் கணக்கு."

எல்லோரும் பின்தளத்தில், சுக்கான் அறையைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தார்கள். விருந்தினர்களின் மடியில் உள்ளூர்க் குழந்தைகள். நானும் நாயும் இடது ஓரத்தில் ஒண்டிக்கொண்டோம். படகு மெல்ல அமிழ்ந்தது. இவான் கூரையிலிருந்து தலையை நீட்டினார்.

"இன்னும் ஒரு விரல்."

ஊரில் மிச்சம் யாரும் இல்லை.

6

ரெமியைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. முதல் வரைவில் அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். "பாலத்தின் மேல் நின்று ரெமி சிரித்துக்கொண்டே" [அவர் சிரிக்கவில்லை. அடித்துவிட்டேன்.] இரண்டாவது வரைவில் நல்லவராக எழுதினேன். "பழைய பகையை மறந்து" [எதையும் மறக்கவில்லை. அதையும் அடித்துவிட்டேன்.]

நடந்தது இவ்வளவுதான். ரெமி சைக்கிளில் வந்தார். பெரிய உடம்பு, சைக்கிள் பெருமூச்சு விட்டு நின்றது. குர்மாந்த் பின்னால் காத்திருந்தது. ஓர்த்தான்ஸ் வழிவிடாவிட்டால் அவருடைய கோடையும் இந்தப் பக்கமே முடிந்துவிடும். அதற்காகத்தான் வந்தீர்களா என்று பிறகு கேட்டேன். "ஆமா, வேற எதுக்கு?" என்றார், கொஞ்சம் வேகமாகவே.

அவர் கரையில் நின்றார். படகில் இருந்த எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். முந்தின நாள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டாமல்தான் இவ்வளவும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ரொட்டியோடு அதுவும் போயிருந்தது.

சொலான்ஜ் சுக்கானைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெமி தொப்பியைக் கழற்றினார். "மேல வரலாமா, கேப்டன்?"

என் வேலையில் நிறையப் பேர் நிறையப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒரு மனிதன் இன்னொருவரின் மானத்தைக் காப்பாற்றிக் கையில் கொடுத்து, தன்னுடையதில் ஒரு துளியும் சிந்தாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

[மேலே உள்ள பத்தி நீளம் என்று சொலான்ஜ் சொன்னார். ரெமி, சரியாக இருக்கிறது என்றார்.]

"முன்பக்கமா வாங்க" என்றார் சொலான்ஜ். "பின்பக்கம் எங்க வீடு."

இங்கே படகின் பின்பக்கம் கேப்டன் குடியிருக்கும் இடம்; முன்தளம் வழியாக ஏறுவதுதான் மரியாதை. ரெமி முன்னால் போய் ஏறி, படகின் முழு நீளத்தையும் நடந்து, பின்தளத்துக்கு வந்து, சுக்கான் அறையின் வலது மூலையை ஒட்டி உட்கார்ந்தார்.

"வெந்நீர்த் தொட்டியக் கொண்டு வரலயா?" என்றார் சொலான்ஜ்.

"நானே போதும்."

படகு அதை ஒப்புக்கொண்டது. இவான் கூரைமேல் கையைத் தூக்கினார்.

7

இனி முடிவு. இரண்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று: ஓர்த்தான்ஸ் எதையும் தொடாமல் வெளியே வருகிறது. திருமதி ஹார்கின்ஸ் கைதட்டுகிறார். ஊர் இறங்குகிறது, இவான் வாத்தைப் பரிமாறுகிறார்.

இரண்டு: எல்லாம் அதேபோல. ஆனால் வலது மூலையில், வளைவு தாழும் இடத்தில், ஒரு சின்ன உரசல்.

கால்வாயில் எதையும் உரசாமல் போகிறவர் என்பதுதான் சொலான்ஜ் எடுத்திருக்கும் பெயர். மதகுச் சுவருக்கும் படகுக்கும் இடையே ஒரு கை நுழையாத இடங்களில்கூட அவர் படகில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதனால் கேட்டுப் பார்த்தேன். ரொட்டிக்கடைக்காரர்: "அப்ப கோயில் மணி அடிச்சுது, ஒண்ணும் கேக்கல." ஒரு மணியைத் தாண்டி வெகு நேரம் ஆகியிருந்தது; எந்த மணி என்று நான் கேட்கவில்லை. இவான்: "அடுப்புல வாத்து சத்தம் போட்டுட்டிருந்துது." கிஸ்லேன்: "நான் மதகைத் திறக்கப் போயிட்டேன்." அவர் ரொட்டிக்கடைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

கடைசியாக ரெமியிடம் போனேன். அந்த மூலையில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். கல்லுக்கும் அவர் காதுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். கால்வாய் முழுக்க இன்னொரு தடவை சிரிக்கும், இந்தத் தடவை சொலான்ஜைப் பார்த்து.

வெந்நீர்த் தொட்டியின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாசி" என்றார்.

"நேர்கோட்டிலயா?"

"எங்க கால்வாய்ல பாசி அப்படித்தான் வளரும்." துணியைப் பிழிந்தார். "எழுதிக்கோங்க."

ஓர் ஊரே ஒரே பொய்யை, ஆளுக்கொரு விதமாக, இவ்வளவு நிமிர்ந்து நின்று சொல்லிக் கேட்டதில்லை. பொய் என்று எழுதிவிட்டேன்; பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். நகத்தால் சுரண்டிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் சுரண்டவில்லை.

உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், என் வீடு மதகிலிருந்து மூன்றாவது. கொட்டகையைப் பூட்டுவதில்லை. ஏணி இடதுபக்கச் சுவரில் சாய்ந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் போனால் பாலத்தடியில் யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு மணிக்கு ஊர் திரும்பி வரும். ஏணியோடு நிற்கும் உங்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கும்.