ஆறு வருஷத்துப் பேண்ட்

டமாலென்று அறைக்கதவு திறந்தது. பஸ் டிரைவர் சட்டைப் பொத்தானை மாட்டியபடியே விறுவிறுவென்று வெளியே வந்தார். பின்னாலேயே டாக்டரம்மா.

"கோவிச்சுக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க ஐயா. பிரஷர் எகிறிக்கிட்டு இருக்கு."

வராந்தா பெஞ்சில் காத்திருந்த அவர் மனைவி பதறி எழுந்தாள். வருடாந்தரப் பரிசோதனையில் இந்த டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால்தான் அவர் மறுபடி ஸ்டியரிங்கைத் தொட முடியும்.

டிரைவருக்கு முதல் சந்தேகம் பிரஷர் மெஷின்மேல். நர்ஸ் அதைத் தன் கையிலேயே கட்டிக்காட்டினாள். ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அடுத்து எடை மெஷினைக் குனிந்து நோட்டம் விட்டார். அதற்கே மூச்சு வாங்கியது. கடைசியில் சந்தேகம் டிப்போ மேனேஜர்மேல் போய் நின்றது. அந்த ஆளின் மச்சான் இவர் ஓட்டும் நெடுந்தூர வண்டிமேல் கண் வைத்திருப்பது டிப்போவுக்கே தெரியும்.

"மேனேஜர் போன் பண்ணாரா?"

"பண்ணாரே. தங்கமான டிரைவர், எப்படியாவது பாஸ் பண்ணி விடுங்கன்னார்."

'அப்படிச் சொல்லிக் கவிழ்க்கிறானோ?' டிரைவருக்கு அதுவும் உறுத்தியது.

"படி ஏறினா இளைக்குதா?"

"எங்க மாடிப்படி செங்குத்து."

"கால் வீங்குதா?"

"நாள் பூரா உக்காந்தே இருந்தா யாருக்குத்தான் வீங்காது?"

"எதுக்கும் ஸ்டெப்னி மாதிரி ஒரு பதில் ரெடியா வச்சிருக்கீங்க!" டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வயித்துல சேர்ற கொழுப்பு சும்மா கிடக்காதுங்க. சர்க்கரையை ஏத்தும், ரத்தக்குழாயை அடைக்கும். இத்தனை உடம்புக்கும் ரத்தம் அனுப்ப உங்க இதயம் ஓவர்டைம் பாக்குது. ஓட்டும்போது அது மக்கர் பண்ணா, வண்டியில இருக்கிறவங்க கதி?"

"வயிறா? இப்ப மாட்டினீங்களா!" டிரைவர் வெற்றிச் சிரிப்போடு பேண்டைத் தட்டிக்காட்டினார். "ஆறு வருஷமா இதே பேண்ட்தான். சதை போட்டிருந்தா இடுப்புல ஏறுமா? ஏம்மா, நீயே சொல்லு!"

மனைவி முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். 'இவளையும் கையில போட்டுக்கிட்டாங்களா?' அவர் கண்கள் இடுங்கின.

"என்ன முழிக்கிற? சொல்லு!"

"நீங்க மனசு ஒடிஞ்சிடுவீங்களேன்னு, வருஷா வருஷம் பின்பக்கத்தைப் பிரிச்சு ஒட்டுத்துணி வச்சுத் தச்சது நான்தாங்க."