துணியில் தங்கிய மணல்

பெயிண்டில் மணல் கலந்திருக்கிறது என்று நினைத்துத்தான் கண்ணாடி அதை வடிகட்டினான். அவன் அடித்த பூச்சில் முகம் பார்க்கலாம் என்பதால் பட்டறையில் வைத்த பெயர் அது. வாளியின் வாயில் நைலான் துணியைக் கட்டி, இரண்டு தரம் வடித்த பிறகே ஸ்பிரே துப்பாக்கியில் ஊற்றுவான். வடிக்காமல் அடிப்பது அவனுக்குக் கை கழுவாமல் சோற்றுக்கு உட்காருவது மாதிரி.

"ஒண்ணும் சேக்காம அப்படியே அடி" என்றுதான் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவன் எதையும் சேர்க்கவில்லை.

அடித்தது அமிலத் தொட்டியைத் தாங்கும் இரும்புக் கால்களுக்கு. தள்ளுவண்டி இடித்துப் பெயிண்ட் கீறும். கீறலில் அமிலம் சொட்டும். மேலே பூச்சு நன்றாயிருக்க உள்ளே இரும்பு அரித்துப்போகும். போன வருடம் அப்படித்தான் ஒரு கால் மடங்கியது. தொட்டி சாய்ந்து கொட்டியதில், கீழே வண்டி தள்ளிக்கொண்டிருந்த கண்ணாடியின் மச்சினனுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிற்று. அதன் பிறகுதான் மாதாமாதம் பூச்சைச் சுரண்டி இரும்பைப் பார்க்கும் வழக்கம் வந்தது. கண்ணாடிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அந்த மச்சினன்தான்.

வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் கால்களைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னய்யா, பெயிண்ட் அடிச்சியா, எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுனியா?" என்றவர், எல்லாரையும் கூப்பிட்டார். "இது சாதா பெயிண்ட் இல்ல. உள்ள மணல் மாதிரி சின்னச் சின்ன உருண்டை இருக்கு. உருண்டைக்குள்ள மருந்து. கீறல் விழுந்தா உருண்டை உடைஞ்சு, மருந்து வழிஞ்சு, தானே மூடிக்கும். இனிமே மாசாமாசம் சுரண்டிப் பாக்குற வேலை கிடையாது."

"அப்ப எனக்கும் ரெண்டு கோட் அடிச்சு விடுங்க சார்." மச்சினன் பேண்டை உயர்த்தி வழுவழுவென்றிருந்த காலைக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்குச் சிரிப்பு வரவில்லை.

குழாயடியில் துணி கிடந்தது. மடிப்பில் தங்கியிருந்த மணலைக் கிள்ளி விரலிடுக்கில் நசுக்கினான். ஈரம் கசிந்தது. காரமான வாடை. டீ குடித்துவிட்டு வருவதற்குள் விரல்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன.

மச்சினனைத் தனியே இழுத்துப் போனான்.

"மாப்ள, மருந்து பூரா இந்தத் துணியில இருக்கு. மண்ணுன்னு நெனச்சு வடிச்சுட்டேன்."

மச்சினன் துணியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "யார்கிட்டயாவது சொன்னீங்களா மாமா?"

"இல்ல."

"சொல்லித் தொலைச்சுடாதீங்க. எங்க மாமா கைபட்டா துருவும் மின்னும்னு நான்தான் வாயடிச்சு உங்கள உள்ள விட்டேன். ரெண்டு பேரையும் சேத்து வெளிய தள்ளுவாரு."

"அடியில வண்டி தள்ளுறது நீடா."

"முன்னாடியும் நான்தான் தள்ளுனேன்."

"அப்ப சுரண்டிப் பாத்தாங்க. இனிமே பாக்க மாட்டாங்கல்ல?"

"வேலை போச்சுன்னா அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"உன் கால் போச்சுன்னா என்ன சொல்றதுன்னு யோசிக்கிறேன்."

"என் கால நான் பாத்துக்கிறேன். நீங்க உங்க வாயப் பாத்துக்குங்க."

மறுநாள் காலை, வண்டியின் மூலை ஒரு காலில் உரசி விரல் நீளத்துக்குக் கீறியது. அதன் பிறகு ஒவ்வொரு நடைக்கும் மச்சினன் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தான். கட்டைவிரலால் தேய்த்தும் பார்த்தான். பிற்பகலில் கீறலின் ஓரம் பழுப்பேறியிருந்தது. அடுத்த நடையில் அவன் தொட்டியடிக்கே வரவில்லை. பாரவண்டியை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு, சுவரோரமாகச் சுற்றிப் போனான்.

எத்தனை நாள் சுற்றுவான்? கண்ணாடி பையிலிருந்து சுரண்டியை எடுத்துக் கீறலில் வைத்து இழுத்தான். மினுமினுப்பு சுருள் சுருளாக உரிந்தது.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஓடி வந்தார். "யோவ்! கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?"

"வடிகட்டிட்டேன் சார்."

"என்னத்த?"

"மருந்த. மணல்னு நெனச்சு."

அவர் கீறலைப் பார்த்தார். உரிந்து கிடந்ததைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் சுவரோரமிருந்து குரல் வந்தது.

"எனக்குத் தெரியாது சார்."

அவனை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

கண்ணாடி அந்தப் பக்கம் திரும்பவில்லை. "ஆமா சார், அவனுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, சுரண்டியை இன்னும் அழுத்தி இழுத்தான்.