பட்டு அங்கிக்குப் போன தட்டு

என் புருஷன் தீரியேக்குக் கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் துணியைத் தவிர வேறொன்றும் படாது.

மொகதிஷுத் துறைக்குக் கப்பல் வந்தால், மூடிய தட்டில் சோறு எடுத்துக்கொண்டு படகில் போவோம். எந்த வியாபாரி கையில் தட்டைக் கொடுக்கிறோமோ அவர் நம் விருந்தாளி. அவர் சரக்கை நாம்தான் விற்றுத் தரவேண்டும். கொடுத்த தட்டைத் திருப்பி வாங்கினால் ஊரே காறித் துப்பும். போன பருவம் எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. "இந்தத் தடவையும் வியாபாரி எறங்கலன்னா அந்த வீட்டுல பொண்ணெடுக்க மாட்டேன்" என்று எல்மி சொல்லிவிட்டார். அவர் மகனுக்குத்தான் என் மகள் ஹோதானைப் பேசியிருந்தது. அவளுக்கும் அந்தப் பையன் மேல் உயிர்.

எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. அதனால் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் பாலில் வேகவைத்த வாழைக்காயும் எடுத்துக்கொண்டு நானும் படகில் ஏறினேன். கப்பலில் அழுக்கு வேட்டியோடு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒருவர் தட்டுக்குக் கை நீட்டினார்.

"யோவ், தள்ளுய்யா! கூலிக்காரனுக்கா நெய்ச்சோறு?" தீரியே அவரை முழங்கையால் இடித்தான். பின்னால் பட்டு அங்கியில் மினுமினுத்தவனிடம் போய்ப் பல்லிளித்தான். "வாங்க மொதலாளி, நம்ம வீடு உங்க வீடு."

"ஏங்க, யாரு என்னன்னு விசாரிச்சுட்டுக் குடுங்க" என்றேன்.

"வாய மூடு. பொம்பளைக்கு என்ன தெரியும்?" என்று தட்டை அவன் கையில் திணித்தான்.

பட்டு அங்கி, கப்பல்காரருக்குப் பாட்டுப் பாடுகிறவன். விற்க அவனிடம் ஒரு முழத் துணி கிடையாது. கப்பல் நிறையச் சரக்கு வைத்திருந்தவர் அழுக்கு வேட்டிக்காரர். அடுத்து வந்த படகு எல்மியுடையது; வேட்டிக்காரர் எல்மியின் தட்டை வாங்கிக்கொண்டு அதில் ஏறிப் போய்விட்டார்.

மத்தியானம் எல்மி எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "என் விருந்தாளிய இடிச்ச வீட்டுல எனக்குச் சம்பந்தம் வேணாம்" என்றார். கதவுக்குப் பின்னால் ஹோதான் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, விருந்தாளியாக வந்திருந்த பாட்டுக்காரனுக்குப் பரிமாறப் போனாள்.

பாட்டுக்காரன் விரலை நக்கினான். "அடடா, யாரு சமையல்?"

தீரியே அந்த அங்கியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "எம் பொண்ணுதான் மொதலாளி. இப்ப யாருக்கும் பேசல" என்றான். இன்னும் மொதலாளியாம்! வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஹோதான் கரண்டியோடு அப்படியே நின்றாள். விருந்தாளியின் தட்டைத் தொட ஊர் வழக்கம் விடாது. தீரியே விருந்தாளி இல்லையே. அவன் முன்னால் இருந்த தட்டை வெடுக்கென்று இழுத்தேன்.

"ஏய், பசிக்குதுடி!"

"அந்த அங்கியத் தின்னு" என்று சொல்லிவிட்டு, தட்டை மகளிடம் கொடுத்து அவளைச் சாப்பிட உட்காரவைத்தேன்.