படுக்கையறைக்குப் போகும் குழாய்

என் மனைவி நதீன் புதன்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வருவதாகப் போனில் சொன்னாள். "ஒரு தடவ வந்து அந்த ரூம்ல படுத்துப் பாக்கறேன் ஆர்லன். அப்புறம் சொல்றேன்." என்ன சொல்லப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. என்னோடு இருப்பதா, தெற்கே வெயில் ஊரான டூசானில் அக்கா வீட்டோடு தங்கிவிடுவதா, அவ்வளவுதான் விஷயம். போனை வைத்துவிட்டு டப்பா பீன்ஸைச் சூடுகூடப் பண்ணாமல் கரண்டியால் தின்றேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. ஒன்றும் வரவில்லை. பிப்ரவரியில் அவள் போனதிலிருந்தே எனக்கு எதுவும் உறைப்பதில்லை.

எங்கள் வீடு சக்கரம் வைத்த வீடு, முப்பதடி டிரெய்லர். வடக்கு டக்கோட்டாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்த பாதிப் பேருக்கு இதுதான் வீடு. நான் கிணறுகளில் எண்ணெயோடு வரும் உப்புத் தண்ணீரை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். டிரெய்லரில் முன்னால் அடுப்பும் சோபாவும். நடுவில் பிரிட்ஜுக்குக் கீழே கேஸ் ஹீட்டர். பின்கோடியில் படுக்கையறை. ஹீட்டரின் சூட்டுக் காற்று தரைக்கு அடியில் குழாய் வழியாகப் போய் ஓட்டைகளில் வெளியே வரும். முன்னால் மூன்று ஓட்டை, பின்னால் ஒன்றே ஒன்று. முன்னால் பனியனோடு உட்காரலாம். பின்னால் மூச்சு விட்டால் புகையாகத் தெரியும்.

நான் வேலை முடிந்து சோபாவிலேயே விழுந்துவிடுகிறவன். பின்னால் படுத்தது அவள்தான், கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு. ஒரு காலையில் தொப்பி நழுவி, சுவரில் படிந்த உறைபனியில் அவள் தலைமுடி ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டுக் காட்டினாள். நான் சிரித்தேன். "வண்டின்னா குளிரத்தான் செய்யும். இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்றேன். அவளே கத்தரிக்கோல் கேட்டு வாங்கி முடியை நறுக்கிக்கொண்டாள். அந்தக் கதையை வேலையிடத்தில் சொல்லி நாலு பேரைச் சிரிக்கவும் வைத்தேன். அடுத்த வாரம் அவள் கிளம்பிவிட்டாள். சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. முன்னால் இருந்த மூன்று ஓட்டைகளையும் மூடினேன். எல்லாச் சூடும் பின்னால் போகட்டும் என்று கணக்கு. ஹீட்டர் பத்து நிமிஷம் எரிந்தது, பட்டென்று அணைந்தது. விசிறி மட்டும் சூடில்லாத காற்றை ஊதிக்கொண்டிருந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அதே கதை. பதினாலாம் நம்பர் டிரெய்லருக்குப் போய் வெர்லாவைக் கூப்பிட்டேன். அறுபத்தொரு வயது. இருபது வருஷம் பள்ளிக்கூடங்களுக்கு ஹீட்டர் மாட்டியவள், இப்போது டிரெய்லர்கள் நிற்கும் எங்கள் பார்க்கின் துணி துவைக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் வாய்க்குப் பயந்தே பலர் குளிரில் கிடப்பார்கள்.

உள்ளே வந்ததும் தரையைப் பார்த்தாள். "மூணையும் மூடிட்டியா?"

"பின்னாடி போகட்டும்னுதான்."

"இந்தப் பார்க்குல இருக்கிற அத்தன ஆம்பளையும் இதத்தான் பண்றான். ஏம்ப்பா, உன் மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓடுன்னா ஓடுவியா? காத்து வெளிய போக வழியில்லன்னா ஹீட்டர் கொதிச்சுப் போயிடும். அதான் தீய அதுவே அணைச்சுக்குது. உனக்கு இல்லாத புத்தி அதுக்கு இருக்கு. நல்லா கேட்டுக்கோ, எந்த ஓட்டையையும் மூடாத. எப்பவும் மூடாத."

மூன்றையும் திறந்தாள். பிறகு ஹீட்டரின் கம்பி வலைக் கதவுக்கு முன்னால் நான் அடுக்கியிருந்த பூட்ஸையும் பீன்ஸ் பெட்டியையும் காலால் தள்ளினாள். "இது மூச்சு இழுக்கிற இடம். இங்க கடை போட்டு வச்சிருக்க." அடுத்தது தெர்மோஸ்டாட். அது முன்பக்க ஓட்டைக்கு நேர் மேலே சுவரில் இருந்தது. "இதுக்கு நல்லா சூடு கெடைக்குது. தனக்குச் சூடாயிட்டா வீட்டுக்கே சூடாயிட்டதா நெனச்சு நிறுத்திடும். அப்படியே உன்ன மாதிரி" என்றாள். கழற்றிப் படுக்கையறைக்குப் போகும் வழியில் மாட்டினோம்.

அரை மணி நேரம் கழித்துப் பின்னால் ஐம்பத்தைந்து டிகிரி பாரன்ஹீட். ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாது. பின் ஓட்டையில் குழந்தை ஊதுகிற அளவுக்குத்தான் காற்று வந்தது.

"கட்டிலத் தூக்கு" என்றாள் வெர்லா.

மெத்தையை எடுத்து, நதீனின் கோடைத் துணிப் பெட்டிகளை நகர்த்தி, பலகையின் திருகுகளைக் கழற்றினேன். கீழே குழாய் தெரிந்தது. வெர்லா டார்ச் அடித்தாள். குழாயின் அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று பக்கமும் கத்தியால் வெட்டிய ஒரு மடல். அது உள்பக்கம் மடங்கிக் காற்றை மறித்துக்கொண்டிருந்தது. சூடெல்லாம் அதில் தட்டி வெட்டு வழியாகக் கீழே இருந்த கழிவுத் தொட்டியின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"எந்த மகராசன் வேல இது?"

என் வேலைதான். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் தொட்டி உறைந்து கக்கூஸ் நின்றுவிட்டது. பார்க்கில் எல்லாரும் அந்தக் குழாயை வெட்டித் தொட்டிக்குச் சூடு காட்டினார்கள், நானும் வெட்டினேன். டார்ச் பிடித்தது நதீன். பனி விட்டதும் ஒட்டிவிடலாம் என்று அவளிடம் சொன்னேன். அடுத்த வருஷம் தொட்டிக்கு சூடேற்றும் மின்சார விரிப்பு வாங்கிச் சுற்றினேன், வெட்டு வேண்டியதில்லாமல் போயிற்று. மறந்தும் போயிற்று. அதன் பிறகு இரண்டு குளிர்காலம் எங்கள் மூத்திரம் கதகதப்பாக இருந்தது, மேலே அவள் நடுங்கினாள்.

வெர்லா கெட்ட துண்டை வெட்டி எடுத்தாள். வளைந்து தொய்ந்து கிடந்ததை நேராக இழுத்து, தகர வளையம் வைத்து இணைத்து, அலுமினிய டேப் சுற்றினாள். சாயங்காலத்துக்குள் பின்னால் எழுபது டிகிரி வந்துவிட்டது. வெர்லா கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஆர்லன், அவகிட்ட இந்த வெட்டு கதைய எடுக்காத. புது ஹீட்டர் வாங்கினேன், ஆள் கெடைக்காம மாசக்கணக்கா அலைஞ்சேன்னு சொல்லு."

"பொய்யா?"

"ஆமா, பொய்தான். எத்தனையோ சொல்லியிருப்ப. இது ஒண்ணு சேத்துக்கோ."

புதன்கிழமை நதீன் வந்தாள். கோட்டைக் கழற்றாமல் நேரே பின்னால் போனாள். குனிந்து ஓட்டையின் மேல் கையை வைத்தபடி நின்றாள். கையுறை, தொப்பி, கோட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இடது பக்க முடி வளர்ந்திருந்தது, ஆனாலும் வலதைவிடக் குட்டைதான். படுத்துவிட்டாள். நான்கு மணிக்குக் கன்னம் சிவக்க எழுந்து வந்து காப்பிக்கு உட்கார்ந்தாள்.

"நல்லாத் தூங்கினேன். அந்தக் கோடைத் துணியெல்லாம் எடுத்துட்டு, பெரிய போர்வைய அங்க வச்சுக்கலாம்" என்றாள். அவள் இருக்கப் போகிறாள் என்று புரிந்தது. "சரி, என்ன பண்ணின? புது ஹீட்டரா?"

பொய்யை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். ஆனால் பொய் சொல்லவும் மனதில் கொஞ்சம் உயிர் வேண்டும். எனக்கு அது இல்லை.

"தொட்டிக்காக வெட்டினோமே, அந்த ஓட்டை. ஒட்ட மறந்துட்டேன். இப்போ டேப் போட்டோம்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு மத்தியானம்."

கோப்பையை மேஜையில் வைத்தாள். "கட்டிலத் தூக்கிப் பாருன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"நெறைய தடவ."

"வண்டியே அப்படித்தான்னு சொன்ன. நானும் நம்பிட்டேன். ஒம்பது மாசமா அக்கா வீட்டுல உக்காந்து இந்த வண்டியத்தான் திட்டிட்டிருந்தேன். உன்னத் திட்டல ஆர்லன்."

அவள் கத்தவில்லை. கழற்றியவற்றை அதே வரிசையில் திரும்பப் போட்டுக்கொண்டு வெர்லாவின் டிரெய்லருக்குப் போனாள். மறுநாள் நன்றித் திருநாள், குடும்பமாக உட்கார்ந்து வான்கோழி சாப்பிடும் நாள். வெர்லா தான் செய்ததில் கொஞ்சம் ஒரு தட்டில் மூடி என் படியில் வைத்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமைக் காலை பஸ்ஸில் நதீன் போய்விட்டாள்.

இப்போது டிசம்பர். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. நான் இன்னமும் சோபாவில்தான் தூங்குகிறேன். ஆளில்லாத அறைக்கு எதற்குச் சூடு என்று நேற்று வேலைக்குக் கிளம்பும்போது பின் ஓட்டையை மூடக் குனிந்தேன். எதையும் எப்பவும் மூடாதே என்று வெர்லா சொன்னது ஞாபகம் வந்தது. ஓட்டையில் கையை வைத்தேன். காற்று நன்றாக, பலமாக வந்தது. நதீன், நதீன் என்று வாய்விட்டு அழுதேன். பிறகு ஓட்டையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.